அரை விரற்கடை வெள்ளை

மேய் பெங் கடையில் தாள் ஒன்று இருபது காசு.
நாலு கேட்டேன்.
வண்ணத்தில் வேண்டுமென்றால் ஒரு வெள்ளி என்றாள்.
கறுப்பே போதும்,
ஆறு எது ரோடு எது என்று
எனக்குப் பிரித்துக்கொள்ளத் தெரியும்.

போன செவ்வாய்
கைப்பேசி சொன்ன இடத்தில் வலம் திரும்பி
உரக் கிடங்கின் பின்சுவரில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
"நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்."
வேனில் மூன்று பேர்.
மூவருக்கும் ஆறு மணிக்குள்
ரத்தம் சுத்தம் செய்யும் ஊசி ஏறியாக வேண்டும்.
பின்னோக்கி எடுத்தேன்,
இருபுறமும் செம்பனை,
ஒரே உயரம், ஒரே முகம்.
அன்றோடு அதற்கும் எனக்கும் பேச்சில்லை.

ஆகவே புக்கிட் ரெம்பியாவை
நாலாகக் கிடத்தினேன், வேனின் மூக்கின் மேல்.
செலோடேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து ஒட்டினேன்.
கோவில் ஒரு தாளில்,
கோவிலுக்கு ஏறும் படிக்கட்டு இன்னொன்றில்.
செம்பனை ஆலை முழுசாய்க் கிடைத்தது,
அதன் லோரிகள் நிற்கும் திடலும் முழுசாய்.
ஆறு மட்டும்
முதல் தாளின் ஓரத்தில் முங்கி
மூன்றாம் தாளில் தள்ளி எழுந்தது.
நடுவில் என்ன செய்தது என்று
அதற்குத்தான் தெரியும்.
"ஓரத்தில் மை வைக்காது," என்றாள் மேய் பெங்,
"எந்த மெஷினும்."

தாளில் இருக்கிற பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை.
ஜாலான் டாலியா நாலு என்றால்
கோழிக்கடைக்காரருக்கே தெரியாது,
அவர் கடை இருப்பது அதில்தான்.
அதனால் வேலை பிரிந்தது.
முன்னிருக்கையில் மக்சிக் ரொஹானி
மூக்குக்கண்ணாடி போட்டு அச்செழுத்தைப் படிப்பார்.
பின்னாலிருந்து சிங்காரவேலு
அதை நடப்புப் பெயராக்குவார்.
மூன்றாமவர் தூங்குவார். நான் திருப்புவேன்.
"டாலியா நாலு." "கோழிக்கடை." இடம்.
"செம்பாகா ரெண்டு." "பெரட்டுக் களம்." வலம்.
"மெலோர் ஒன்று."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"அங்க ஒன்னும் இல்ல, ஓட்டு."

இந்த வியாழன், விடிய நாலரை.
பட்டியலில் புதுப் பெயர்:
அமிர்தகௌரி, பழைய மூன்றாம் டிவிஷன், பதினேழாம் கதவு.
முதலில் அவரை ஏற்ற வேண்டும்,
பிறகுதான் மற்றவர்கள் என்று நினைத்தேன்.
தேடித் தேடி நேரமாகி
மற்றவர்களைத்தான் முதலில் ஏற்றினேன்.
முதல் தாள் பாலத்தோடு முடிகிறது.
மூன்றாம் தாள் பால் ஸ்டோரில் தொடங்குகிறது.
பாலத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவே
அரை விரற்கடை வெள்ளை.
மூன்றாம் டிவிஷன் மொத்தமும்,
எத்தனை கதவோ, எத்தனை கோழியோ,
அதற்குள்.

கீழ்மூலை அளவுகோலில் விரலை வைத்தேன்:
விரலுக்கு நானூறு மீட்டர்.
அரைக்கு இருநூறு.
பாலம் தாண்டிக் கண்ணாடியை இறக்கி
எண்ணிக்கொண்டே ஊர்ந்தேன்.
நூறில் நாய்.
நூற்றைம்பது இருக்கும், யார் வீட்டிலோ தேங்காய் துருவும் சத்தம்.
இருநூறில் ஒரு டார்ச் விளக்கு,
விளக்குக்குப் பின்னால் கம்பளிச் சட்டை,
சட்டைக்குள் அமிர்தகௌரி.
"உள்ள எந்த வண்டியும் வராது.
அதான் நானே ரோட்டுக்கு வந்துட்டேன்."

ஏறி உட்கார்ந்ததும் தாளைக் கேட்டார்.
என் வீடு எங்க?
வெள்ளையைக் காட்டினேன்.
மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அவர் அதை விளக்குப் பக்கம் திருப்பி
நிதானமாகப் பார்த்தார்.
"அப்போ தண்ணி பில்லுக்காரன்
வரமாட்டான்தானே?"
சிங்காரவேலு சிரித்த சத்தத்தில்
தூங்குகிறவர் விழித்துக்கொண்டார்.

டேப்பின் மேலேயே பேனாவால் 17 என்று எழுதினேன்.
சனிக்கிழமை பார்த்தால்
ஒன்று மட்டும் இருந்தது,
ஏழு என் கட்டைவிரலில்.

நகத்தால் டேப்பைத் தூக்கி
வெள்ளைத் தாளிலேயே அழுத்தி எழுதி
மறுபடி மூடினேன்.
தூக்கும்போது ரயில் பாதை கொஞ்சம்
டேப்போடு உரிந்து வந்துவிட்டது.
பரவாயில்லை,
இங்கே எந்த ரயிலும் நிற்பதில்லை.